உங்கள் டொமைன் பெயரில் போலி மெயில் போகாமல் தடுப்பது எப்படி: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் முழுமையான வழிகாட்டி

உங்கள் டொமைனை அனுப்புநர் இடத்தில் போட்டு யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம். மெயிலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி முறை தானாக அதைத் தடுக்காது. டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பட்டியல்) நீங்கள் எழுதிவைக்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று வகை ரெக்கார்டுகளைப் பார்த்துத்தான் பெறும் சர்வர் முடிவெடுக்கிறது. அவற்றை எழுத அரை மணி நேரம் போதும். உண்மையான மெயில் ஒன்றுகூடத் தொலையாமல் கடைசிப் படிவரை போக ஒன்றிரண்டு மாதம் ஆகும். புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வரிசையில்தான். அதனால் கீழே உள்ள படிகளை மாற்றிச் செய்யாதீர்கள்.

ரெக்கார்டுகளில் வரும் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டிஎன்எஸ்ஸில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் டிஎன்எஸ் பேனலின் பாஸ்வேர்டு. டொமைன் வாங்கிய இடமும் டிஎன்எஸ் ஓடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நேம்சர்வர் (டொமைனின் டிஎன்எஸ்ஸை வைத்திருக்கும் சர்வர்) எங்கே காட்டுகிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பழைய பேனலில் ரெக்கார்டை எழுதிவிட்டு, "இரண்டு நாளாச்சு, இன்னும் வரவில்லை" என்று காத்திருந்தவர்கள் பலர்.

அடுத்து, மெயில் சேவையின் அட்மின் உரிமை. டிகிம் சாவியை உருவாக்குவது அங்கேதான் நடக்கும்.

மூன்றாவது, டிமார்க் அறிக்கைகள் (உங்கள் பெயரில் வந்த மெயில்களைப் பற்றிப் பெறும் சேவைகள் அனுப்புபவை) வந்து சேர ஒரு தனி மெயில்பாக்ஸ். தினமும் பல சேவைகளிடமிருந்து ஜிப் கோப்புகள் வந்து விழும். சொந்த முகவரியைக் கொடுத்தால் மூன்றாம் நாளே ஃபில்டர் போட்டு ஒதுக்கிவிடுவீர்கள். பிறகு படிக்கவே மாட்டீர்கள்.

வெளியே இரண்டு மூன்று சோதனை முகவரிகளும் வேண்டும்: ஜிமெயில், அவுட்லுக், யாகூ. ஒரே டொமைனுக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிப் பார்ப்பது சோதனை ஆகாது. அந்த மெயில் பல சமயம் வெளியே போகாமலேயே வந்து சேர்ந்துவிடும்.

கடைசியாக, மாற்றப்போகும் ரெக்கார்டுகளின் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் ரெக்கார்டை நினைவில் வைத்திருக்கும் நேரம்) முதல் நாளே 300 விநாடியாகக் குறைத்துவையுங்கள். தவறு செய்தால் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். 86400 என்று விட்டிருந்தால், அந்தத் தவறு ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றும்.

2. ஒரு மெயிலுக்கு இரண்டு அனுப்புநர் முகவரிகள்

இது புரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். குழப்பம் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஃப்ரம் முகவரி. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்லும் அனுப்புநர் முகவரி வேறு. மெயில் திரும்பி வந்தால் எங்கே சேர்ப்பது என்பதற்கான அதை ரிட்டர்ன் பாத் என்பார்கள். முன்னது கடிதத்தாளின் தலைப்பில் அச்சிட்ட பெயர் மாதிரி, பின்னது உறையின் மேல் எழுதிய முகவரி மாதிரி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எஸ்பிஎஃப் பார்ப்பது உறையை மட்டும்: அந்த டொமைனுக்காக அனுப்ப இந்த ஐபி முகவரிக்கு அனுமதி உண்டா? டிகிம் பார்ப்பது கையெழுத்தை: மெயிலில் இருக்கும் கையொப்பம், அது சொல்லும் டொமைனின் பொதுச் சாவியோடு (டிஎன்எஸ்ஸில் எல்லோரும் பார்க்க வைத்த சாவி) ஒத்துப்போகிறதா? இரண்டில் எதுவும் ஃப்ரம் முகவரியைக் கேள்வி கேட்பதில்லை. ஆகவே ஒரு மோசடிக்காரர் தன் சொந்த டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் பக்காவாக அமைத்துக்கொண்டு, ஃப்ரம் இடத்தில் உங்கள் டொமைனைப் போட்டு அனுப்பினால் இரண்டு சோதனையிலும் பாஸ் ஆகிவிடுவார்.

அந்த ஓட்டையை அடைப்பது டிமார்க். எஸ்பிஎஃப் அல்லது டிகிம், இரண்டில் ஒன்றாவது பாஸ் ஆக வேண்டும். அப்படி பாஸ் ஆன டொமைன் ஃப்ரம் முகவரியின் டொமைனோடு பொருந்தவும் வேண்டும். இந்தப் பொருத்தத்தைத்தான் அலைன்மென்ட் என்கிறார்கள். இனி ஒவ்வொரு படியிலும் "பாஸ் ஆச்சா?" என்று கேட்டு நிறுத்தாமல், "யாருடைய டொமைனுக்குப் பாஸ் ஆச்சு?" என்று கேளுங்கள்.

3. உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள்?

ஒரு தாளில் எழுதுங்கள். தினசரி மெயில் சேவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நியூஸ்லெட்டர் சேவையும் வரும். மறந்துபோகிறவை வேறு: பில் அனுப்பும் கணக்கு மென்பொருள், டிக்கெட் எடுக்கும் உதவி மையம், சம்பளச் சீட்டு அனுப்பும் செயலி, இணையதளத்தின் தொடர்புப் படிவம், சர்வரின் எச்சரிக்கை மெயில், ஸ்கேன் செய்து மெயிலாக அனுப்பும் பிரின்டர்.

அந்தப் பிரின்டரால் நானே பட்டிருக்கிறேன். எல்லாம் சரி என்று டிமார்க் கொள்கையை (தோற்ற மெயிலை என்ன செய்வது என்று நீங்கள் சொல்லிவைப்பது) இறுக்கிய மறுநாள், ஸ்கேன் எதுவும் யாருக்கும் வரவில்லை. அது பத்து வருடப் பழைய அமைப்பில், கையொப்பமே இல்லாமல் நேராக அனுப்பிக்கொண்டிருந்தது. என் பட்டியலில் அது இல்லை.

தொடர்புப் படிவத்தைத் தனியாகக் கவனியுங்கள். பல படிவங்கள், பார்வையாளர் தட்டிய முகவரியையே ஃப்ரம் இடத்தில் போட்டு அனுப்புகின்றன. அதாவது உங்கள் சர்வரே இன்னொருவர் டொமைனைப் போலி செய்கிறது. ஃப்ரம் இடத்தில் உங்கள் முகவரியையும், ரிப்ளை டூ இடத்தில் பார்வையாளர் முகவரியையும் வைத்தால் தீர்ந்தது.

4. டிமார்க்கை முதல் நாளே போடுங்கள், வேடிக்கை பார்க்க மட்டும்

எஸ்பிஎஃப், டிகிம் முடித்த பிறகே டிமார்க் என்று பல கையேடுகள் சொல்லும். நான் மாற்றிச் செய்வேன். கொள்கை நன் (‘ஒன்றும் செய்யாதே’) என்று இருக்கும்வரை ‘தடு’ என்றோ ‘ஒதுக்கு’ என்றோ நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அறிக்கை மட்டும் வரும். மூன்றாம் படியில் நீங்கள் மறந்த அனுப்புநர்களை அந்த அறிக்கைதான் காட்டிக்கொடுக்கும். அதை ஏன் இரண்டு வாரம் தள்ளிப்போட வேண்டும்?

டிஎக்ஸ்டி வகையில் (எழுத்து வரியாக மதிப்பு வைக்கும் வகை) ஒரு ரெக்கார்டு. பெயர்: அடிக்கோடு, உடனே டிமார்க் என்ற சொல். மதிப்பில் மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் இடையே அரைப்புள்ளி: வி என்பதற்குச் சமக்குறி போட்டு டிமார்க்1, அதேபோல் பி என்பதற்கு நன், ஆர்யுஏ என்பதற்கு உங்கள் அறிக்கை முகவரி. வி முதலிலும் பி இரண்டாவதாகவும் இருக்கட்டும்; டிமார்க்1 என்பதைப் பெரிய எழுத்துகளில் தட்டுங்கள்.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வரும். அறிக்கை முகவரிக்கு முன் மெயில்டூ என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் விட்டுவிடுவது முதலாவது, அறிக்கையே வராது. ஒரே டொமைனுக்கு இரண்டு டிமார்க் ரெக்கார்டு எழுதுவது இரண்டாவது. பெறும் சர்வர் இரண்டையுமே ஒதுக்கிவிடும். அறிக்கை முகவரி வேறொரு டொமைனில் இருப்பது மூன்றாவது. அப்போது அந்த வேறு டொமைனின் டிஎன்எஸ்ஸில், "இவர்களுடைய அறிக்கையை வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு சம்மத ரெக்கார்டு இருக்க வேண்டும். அறிக்கை ஆய்வுச் சேவைகள் அதைத் தாங்களே வைத்துவிடும். சொந்தமாகச் செய்பவர்கள்தான் மறப்பார்கள்.

ஆர்யுஎஃப் என்று இன்னொரு அறிக்கை வகை உண்டு, தோற்ற மெயில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. ஜிமெயில் அதை அனுப்புவதே இல்லை. விட்டுவிடுங்கள்.

5. எஸ்பிஎஃப்

டொமைனின் வேரில் (முன்னொட்டு எதுவும் இல்லாத டொமைன் பெயரிலேயே) ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு. வி, சமக்குறி, எஸ்பிஎஃப்1 என்ற பதிப்புக் குறியில் தொடங்கி, அனுமதிக்கும் சேவைகளை இன்க்ளூட் மூலமும், சொந்த சர்வரின் முகவரியை ஐபி4 மூலமும் சேர்த்து, ஆல் என்ற சொல்லில் முடிப்பது.

ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான். புதுச் சேவை சேர்க்கும்போது அவர்கள் தரும் வரியை அப்படியே இரண்டாவது ரெக்கார்டாக ஒட்டுவதுதான் நான் மிக அதிகம் பார்த்த பிழை. இரண்டு இருந்தால் விடை பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை); இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள் புதிய இன்க்ளூடை மட்டும் நுழையுங்கள்.

அடுத்த எல்லை 10. ஒரு எஸ்பிஎஃப் சோதனையில் டிஎன்எஸ்ஸைத் தேடவைக்கும் சொற்கள் 10-ஐத் தாண்டக் கூடாது. இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ் (மெயில் வாங்கும் சர்வரைக் குறிப்பது), ரீடைரக்ட் போன்றவை கணக்கில் சேரும். ஐபி4, ஐபி6, ஆல் சேராது. ஒரு இன்க்ளூடுக்குள் இன்னும் மூன்று இன்க்ளூட் இருந்தால் அது நான்காக எண்ணப்படும். 10 தாண்டினால் மறுபடியும் பெர்ம்எரர்.

எண்ணிக்கை மீறினால், எல்லா இன்க்ளூடையும் ஐபி முகவரிகளாக உரித்துப் போடும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். சேவைகள் தங்கள் ஐபிகளை உங்களிடம் சொல்லாமல் மாற்றும். ஒரு நாள் காலையில் பாதி மெயில் தோற்கும். பயன்படுத்தாத சேவைகளை நீக்குங்கள். அதற்கும் மேல் என்றால் நியூஸ்லெட்டருக்கு ஒரு சப்டொமைன் கொடுத்துவிடுங்கள். அதற்குத் தனி எஸ்பிஎஃப், தனியாக 10. வேரில் எழுதிய எஸ்பிஎஃப் சப்டொமைனுக்கு இறங்காது என்பதையும் மறக்காதீர்கள்.

முடிவில் வரும் ஆல் சொல்லுக்கு முன்னால் என்ன குறி? கூட்டல் குறி போட்டால் உலகத்தில் உள்ள எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிட்டீர்கள். கழித்தல் குறி கண்டிப்பானது. ஆனால் சில சர்வர்கள் அதைக் கண்டதும் டிகிமைப் பார்க்காமலேயே வாசலில் திருப்பிவிடும். ஃபார்வர்டு ஆகிவரும் நல்ல மெயிலும் அதில் அடிபடும். அதனால் மெயில் அனுப்பும் டொமைனுக்கு நான் நெளிகோடுதான் போடுவேன். ‘தடு’ என்று சொல்லும் வேலையை டிமார்க் பார்த்துக்கொள்ளட்டும்.

6. டிகிம்

மூன்றில் இதுதான் முதுகெலும்பு. மெயில் ஃபார்வர்டு ஆகும்போது அனுப்பும் ஐபி மாறிவிடுவதால் எஸ்பிஎஃப் தோற்கும். மெயிலின் உள்ளடக்கத்தையும் கையொப்பமிட்ட தலைப்புகளையும் வழியில் யாரும் தொடாதவரை டிகிம் கையொப்பம் பிழைத்திருக்கும். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு சேவைக்கும் டிகிம் அமைப்பதுதான் இலக்கு. எஸ்பிஎஃப்பை நம்பி ஒன்றைக்கூட விடாதீர்கள்.

சேவையின் அட்மின் பக்கத்தில் சாவியை உருவாக்கினால் ஒரு செலக்டர் பெயரும் பொதுச் சாவியும் தருவார்கள். செலக்டர், புள்ளி, அடிக்கோட்டோடு டொமைன்கீ: இந்தப் பெயரில் ரெக்கார்டை எழுத வேண்டும். செலக்டர் இருப்பதால்தான் ஒரே டொமைனில் பத்துச் சேவைகள் பத்துச் சாவியோடு சண்டையில்லாமல் இருக்க முடிகிறது. பெயரை நீங்களே வைக்கலாம் என்றால் சேவையின் பெயரும் வருடமும் சேர்த்து வையுங்கள். நாளைக்கு எதை அழிப்பது என்று தெரியும்.

சாவியின் நீளம் 2048 பிட். 1024 இன்னும் ஏற்கப்பட்டாலும் புதிதாகத் தொடங்குபவர் அதை எடுக்கக் காரணம் இல்லை. 2048 பிட் சாவி 255 எழுத்துகளைத் தாண்டும். டிஎக்ஸ்டியில் ஒரு சரத்துக்கு (எழுத்துத் துண்டுக்கு) 255 தான் எல்லை என்பதால் அதை இரண்டு சரமாக உடைக்க வேண்டும். பல பேனல்கள் தாமே உடைத்துக்கொள்ளும். உடைக்காத பேனலில் சாவியின் வால் சத்தமில்லாமல் வெட்டுப்படும். சேமித்த பிறகு வெளியிலிருந்து தேடிப் பார்த்து, கடைசிப் பத்து எழுத்துகளை ஒப்பிடுங்கள்.

இன்னொரு பொறி: பெயர் கட்டத்தில் டொமைனையும் சேர்த்து ஒட்டுவது. பேனல் தானாக டொமைனைப் பின்னால் சேர்க்கும் வகை என்றால், ரெக்கார்டு டொமைன் இரண்டு முறை வரும் பெயரில் போய் உட்கார்ந்திருக்கும். பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும், யாருக்கும் கிடைக்காது.

சில சேவைகள் சாவிக்குப் பதில் சிநேம் (வேறொரு பெயரைச் சுட்டும் ரெக்கார்டு) தரும். கிடைத்தால் அதையே எடுங்கள். சாவியை அவர்களே அவ்வப்போது மாற்றிக்கொள்வார்கள். கிளவுட்ஃபிளேரில் டிஎன்எஸ் இருந்தால் அந்த சிநேமுக்கு ப்ராக்ஸியை அணைத்துவிடுங்கள்.

ரெக்கார்டு எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அட்மின் பக்கத்துக்குத் திரும்பிப் போய் கையொப்பமிடுவதை இயக்க வேண்டும். கூகுள் வொர்க்ஸ்பேஸிலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும் இதைச் செய்யாவிட்டால், அவர்களுடைய பொது டொமைனின் பெயரில் கையொப்பம் போகும். டிகிம் பாஸ் என்றே வரும். டொமைன் உங்களுடையது அல்ல, ஆகவே டிமார்க்குக்கு அது உதவாது. நியூஸ்லெட்டர் சேவைகளும் இதே கதைதான்: உறையில் தங்கள் டொமைன், கையொப்பத்திலும் தங்கள் டொமைன், இரண்டும் பாஸ், பொருத்தம் பூஜ்யம். அவர்களுடைய செட்டிங்கில் டொமைன் சரிபார்ப்பு என்றோ, டொமைன் அங்கீகாரம் என்றோ ஒரு பகுதி இருக்கும். அதை முடித்தால்தான் உங்கள் பெயரில் கையெழுத்து விழும்.

7. ஒவ்வொரு சேவையிலிருந்தும் ஒரு மெயில்

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றிலிருந்தும் சோதனை முகவரிகளுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். பிரின்டரிலிருந்தும்தான். ஜிமெயிலில் மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் அசல் வடிவத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் விடை தெரியும்.

டிகிம் வரியில் பாஸ் என்ற சொல்லோடு வரும் டொமைனைப் படியுங்கள். அது உங்களுடையதாக இருக்க வேண்டும். சப்டொமைனாக இருந்தால் பரவாயில்லை. டிமார்க் இயல்பாகவே தளர்வான பொருத்தத்தை ஏற்கும். டிமார்க் பாஸ், ஆனால் எஸ்பிஎஃப்பால் மட்டும் என்றால் அந்தச் சேவையைக் குறித்துவைத்து ஆறாம் படிக்குத் திரும்புங்கள். ஃபார்வர்டு ஆன முதல் மெயிலிலேயே அது தோற்கும்.

8. அறிக்கைகளைப் படித்தல்

ஒரு நாளைக்கு ஒருமுறை, எக்ஸ்எம்எல் வடிவில், சுருக்கிய கோப்பாக வரும். சிறிய டொமைன் என்றால் கண்ணால் படிக்கலாம். பெரியது என்றால் ஒரு ஆய்வுக் கருவி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பதிவிலும் அனுப்பிய ஐபி, எத்தனை மெயில், என்ன விடை என்று இருக்கும். விடை இரண்டு இடத்தில் வரும், அதுதான் புதியவர்களைக் குழப்புகிறது. பாலிசி எவால்யுவேட்டட் என்ற பகுதியில் இருப்பது பொருத்தத்தையும் சேர்த்துப் பார்த்த முடிவு. ஆத் ரிசல்ட்ஸ் என்ற பகுதியில் இருப்பது பொருத்தம் பார்க்காத வெறும் முடிவு. இரண்டாவதில் பாஸ், முதலாவதில் ஃபெயில் என்று இருந்தால், சேவை வேறு டொமைன் பெயரில் அனுப்புகிறது என்று பொருள். எதைச் சரிசெய்வது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

தோற்ற ஐபிகளை மூன்றாகப் பிரியுங்கள். உங்களுடைய சேவை என்றால் சரிசெய்ய வேண்டும். எஸ்பிஎஃப் மட்டும் தோற்று டிகிம் நின்றிருந்தால் அநேகமாக ஃபார்வர்டு, விட்டுவிடலாம். இரண்டும் தோற்று, எங்கோ உள்ள, பெயர் தெரியாத சர்வர் என்றால் போலி. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, அடுத்த படியைத் தவிர. அந்த ஐபிகளைத் தேடி ஒவ்வொருவருக்கும் புகார் எழுதி ஒரு வாரத்தை வீணாக்கியவர்களும் உண்டு.

மெயிலிங் லிஸ்ட்கள் தனி வகை. தலைப்பில் ஒரு முன்னொட்டையோ அடியில் ஒரு குறிப்பையோ சேர்த்து டிகிமையும் உடைத்துவிடும். பல லிஸ்ட்கள் ஃப்ரம் முகவரியைத் தங்களுடையதாக மாற்றிச் சமாளிக்கின்றன. மாற்றாத லிஸ்டில் உங்கள் ஆட்கள் எழுதுகிறார்களா என்று கொள்கையை இறுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

குறைந்தது ஒரு முழு மாதம் நன் நிலையில் இருங்கள். மாதக் கடைசியில் மட்டும் போகும் பில்லும் சம்பளச் சீட்டும் இரண்டு வார அறிக்கையில் தெரியாது.

9. இறுக்குதல்

டிமார்க்கின் பி மதிப்பை இந்த வரிசையில் மாற்றுங்கள்: நன், அடுத்து குவாரன்டைன், கடைசியில் ரிஜெக்ட் (வாங்காமல் திருப்பிவிடுவது). குவாரன்டைனில் தோற்கும் மெயில் ஸ்பாமுக்குப் போகும்; தவறாகப் போனாலும் தோண்டி எடுக்கலாம். அதனால்தான் இடையில் அந்தப் படி. இரண்டு மூன்று வாரம், இன்னொரு மாதக் கடைசியையும் பார்த்துவிட்டு, ரிஜெக்ட்டுக்குப் போங்கள். வாரக் கடைசிக்கு முந்தைய மாலையில் மாற்றாதீர்கள், திங்கள்கிழமை காலையில் மாற்றுங்கள். ஏதாவது உடைந்தால் புகார் சொல்ல ஆட்கள் இருப்பார்கள்.

பல டொமைன்கள் நன்னிலேயே நின்றுபோவதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கேட்கின்றன. ஜிமெயிலின் கணக்குப்படி, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் அந்த வகை. அந்த விதிக்கு நன் கொள்கையே போதும். விதி நிறைவேறிவிட்டது என்று ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள். நன் உங்கள் மெயில் இன்பாக்ஸில் சேர உதவலாம், போலியை ஒன்றும் செய்யாது.

டிமார்க் ரெக்கார்டில் எஸ்பி என்ற குறி சப்டொமைன்களுக்கான கொள்கை. எழுதாவிட்டால் முதன்மைக் கொள்கையே அவற்றுக்கும் பொருந்தும். சோதனைக் காலத்தில் அதற்கு நன் என்று எழுதிவிட்டு மறந்தால், இல்லாத ஒரு சப்டொமைனின் பெயரில் போலி வரும், நீங்கள் ரிஜெக்டில் இருந்தும்.

10. மெயிலே அனுப்பாத டொமைன்கள்

பெயரைக் காப்பதற்காக வாங்கிப்போட்ட டொமைன்கள் இருக்குமே, அவற்றுக்கு மேலே சொன்ன பொறுமை எதுவும் தேவையில்லை. எஸ்பிஎஃப்பில் பதிப்புக் குறியும் கழித்தல் குறி போட்ட ஆலும் மட்டும். டிமார்க்கில் நேரடியாக ரிஜெக்ட். எம்எக்ஸ் ரெக்கார்டில் முன்னுரிமை 0, மதிப்பு ஒரு புள்ளி. ஐந்து நிமிட வேலை.

11. இவை தொடாத இடங்கள்

டிமார்க் காப்பது உங்கள் டொமைனை, எழுத்துக்கு எழுத்து அதே டொமைனை. ஓர் எழுத்து மாற்றி வாங்கிய டொமைனுக்கு அந்த மோசடிக்காரர் முறைப்படி டிமார்க் வைத்திருப்பார். பாஸ் என்றே வரும். உங்கள் நிறுவனப் பெயரைக் காட்சிப் பெயரில் போட்டு, இலவச மெயில் முகவரியிலிருந்து அனுப்புவதும் அப்படியே. கைபேசியில் முகவரி மறைந்து பெயர் மட்டும் தெரிவதால் இது நன்றாகவே எடுபடுகிறது. பாஸ்வேர்டு திருடு போன உண்மையான கணக்கிலிருந்து வரும் மெயிலும் எல்லாச் சோதனையும் தாண்டும். உங்கள் ஆட்களிடம், "பாஸ் என்றால் அந்த டொமைன்தான் அனுப்பியது, அவ்வளவுதான், நம்பலாம் என்று பொருள் இல்லை" என்று சொல்லிவையுங்கள்.

12. ஒரு சேவையை விட்டு விலகும்போது

சேர்க்கும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். விலகும்போது டிஎன்எஸ் பக்கம் யாரும் போவதில்லை. பழைய இன்க்ளூட் எஸ்பிஎஃப்பில் கிடக்கும். அந்தச் சேவை மூடப்பட்டு அதன் டொமைன் காலாவதியானால், அதை வாங்குபவர் அங்கே தன் ஐபிகளை எழுதி உங்கள் பெயரில் பாஸ் வாங்கலாம். பழைய டிகிம் ரெக்கார்டு கிடந்தால், அதற்கு இணையான ரகசியத் தனிச்சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் இன்றும் உங்களுக்காகக் கையெழுத்துப் போடலாம்.

கடைசி மெயில் போய் ஒரு வாரம் கழித்து இரண்டையும் நீக்குங்கள். அதே நாளில் நீக்கினால், சேராமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும் மெயில்களும் தாமதமாக வரும் ஃபார்வர்டுகளும் தோற்கும். மூன்றாம் படியில் எழுதிய தாளிலும் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். அடுத்த முறை அறிக்கையில் அந்த ஐபி தலைகாட்டினால் அது யார் என்று யோசிக்க வேண்டியிருக்காது.